மூன்று சுழி

ஐந்து நாட்டுப் போலீஸாரும் ஒரே நேரத்தில் கதவை உடைத்தார்கள். எல்லா இடத்திலும் காலி அறைதான். கணினிகளை முடக்கிப் பணம் பறிக்கும் கும்பல், சோதனைக்கான ரகசிய உத்தரவையே தன் இணையப் பக்கத்தில் போட்டுப் பழிப்புக் காட்டியது.

"வெளிநாட்டுக்காரன் எவனோ போட்டுக் கொடுத்துட்டான்மா!" என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார் அதிகாரி.

தட்டச்சுக்காரி அந்தப் பக்கத்தை உற்றுப் பார்த்தாள். 'சோதனை'க்கு மூன்று சுழி 'ண' போட்டிருந்தது. அதிகாரியின் வரைவில் மாறாமல் வரும் பிழை அது. ஐந்து நாட்டுக்கும் போனதோ அவள் திருத்திய பிரதி. திருத்தாததை அவளைத் தவிரப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையை அவர் நீட்டினார். அதிலும் அதே மூன்று சுழி.

"பிழை இருந்தா திருத்திடும்மா."

"வேணாம் சார். கும்பல் போட்ட பக்கத்தையும் கூட வச்சு, நீங்க எழுதினபடியே அனுப்பறேன்."