ஒரு நாள் முந்தி விழுந்த பால்கனி

தெருவில் படம் எடுப்பவனுக்கு இரண்டே பயம். எடுக்கப்படுகிற ஆள் நம்மைப் பார்த்துவிடுவான் என்பது ஒன்று. நாம் பொத்தானை அழுத்துவதற்குள் விஷயம் முடிந்துவிடும் என்பது இன்னொன்று. முதல் பயம் எனக்குக் கிடையாது. என் முகவாகு அப்படி. நான் போய் நின்றால் கூட்டத்தில் ஓர் ஆள் குறைந்த மாதிரிதான் இருக்கும். இரண்டாவதுதான் என்னை ஆட்டிவைத்தது. நாய் குட்டையைத் தாண்டும், நான் அழுத்துவேன், படத்தில் குட்டை மட்டும் இருக்கும்.

"வேலையிலிருந்து ஓய்வு வாங்கியும் ஆபீசுக்கு லேட்டா போற புத்தி போகல உங்களுக்கு" என்றாள் மனைவி.

ரோஷம் வந்துவிட்டது. முந்தி அழுத்தப் பழகினேன். இந்தக் கலையில் முக்கால்வாசி வேலை ஆள் வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வெயில் எங்கே விழுகிறது, சுவரின் கோடு எங்கே போய் முட்டுகிறது, காலியாக விட வேண்டிய மூலை எது என்று பார்த்து, மனசுக்குள் கட்டம் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும். கட்டத்துக்குள் கடைப் பலகை எழுத்து ஒன்றுகூட விழக்கூடாது என்பது என் சட்டம். எழுத்து இருந்தால் பார்க்கிறவன் படிக்கப் போய்விடுவான், படத்தைப் பார்க்க மாட்டான். பிறகு, கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் விரல் இறங்க வேண்டும்.

பழகினேன். கொஞ்சம் அளவு மீறியே பழகிவிட்டேன். இன்னும் நடக்காததெல்லாம் படத்தில் விழ ஆரம்பித்தது.

நானும் முதலில் பிலிமைத்தான் சந்தேகப்பட்டேன். ஒரு பலூன்காரரை எடுத்தேன். படத்தில் அவர் கையில் வெறும் நூல்கள் தொங்கின. மறுநாள் அதே மூலையில் அவர் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டு நின்றார். காய்ந்த ரோட்டில் நின்ற போலீஸ்காரர் படத்தில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். மறுநாள் நல்ல மழை. இன்று எடுத்தால் நாளை நடப்பது படத்தில் விழுகிறது, அவ்வளவுதான் கணக்கு. "இப்பவாவது சீக்கிரம் கிளம்பக் கத்துக்கிட்டீங்களே" என்று மனைவி அதையும் சாதாரணமாக எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரே தம்பி. சாவி போடுகிறவன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து. அங்கே இரண்டு மாடி வீடுகள் எதிரும் புதிருமாக நிற்கும். சொத்தைப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி இருவர், ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுக்காமல், ஒரே மாதிரி கட்டிய வீடுகள். ஒரே ஜன்னல், ஒரே பால்கனி. அண்ணன் சுவரில் விரிசல் விட்டால் அடுத்த வாரம் தம்பி சுவரும் விரிசல் விடும், அவ்வளவு போட்டி. சந்து முனையிலிருந்து பார்த்தால் வலது பக்கப் பால்கனிக்குக் கீழேதான் என் மச்சானின் ஸ்டூலும் சாவிப் பலகையும்.

ஒரு மத்தியானம் சந்து முனையில் நின்று அவனை எடுத்தேன். குனிந்து ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் குளியலறையை இருட்டாக்கி, சிவப்பு விளக்கில் படத்தைக் கழுவினேன். தண்ணீருக்குள் உருவம் மெல்ல எழுந்து வந்தது.

என்ன படம் அது! குறுக்கே சரிந்து வரும் ஒரு கனத்த கோடு, கீழே குனிந்த தலை, மேலே திடுக்கிட்டுப் பறக்கும் ஒரு புறா. புறாவின் சிறகு விரிந்த இடைவெளிக்குள் சரியாக வெளிச்சம். இப்படி ஒரு கட்டம் ஆயுசில் ஒரு தடவை அமையும். பூரித்துப்போய் நின்றேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் அந்தக் கோடு என்ன என்று பார்த்தேன். வலது பக்கப் பால்கனி. பெயர்ந்து, அந்தரத்தில், மச்சான் தலைக்கு ஒரு முழம் மேலே.

தட்டிலிருந்த மருந்தெல்லாம் என் காலில் கொட்டியது.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். "மாப்ளே, ஸ்டூலை எடு. எதிர்ப்பக்கம் போய் உட்காரு."

"ஏன் மாமா?"

உள்ளதைச் சொன்னால் பயத்திலேயே போய்விடுவான். "அந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கு. படம் எடுக்கணும்."

"ஆளை உக்கார வெச்சு எடுக்கறதெல்லாம் கல்யாண போட்டோக்காரன் வேலைன்னு சொல்வீங்க?"

"உன்னை மாதிரி அழகனை உக்கார வெச்சுத்தான்டா எடுக்கணும்."

அழகன் என்றதும் எழுந்துவிட்டான். பலகையை நானே தூக்கிக்கொண்டு போய் இடது பக்கச் சுவரில் மாட்டினேன். ஓர் உயிரைக் காப்பாற்றிய தெம்பில் வீட்டுக்கு வந்து, வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மத்தியானம் குளியலறையிலிருந்து ஓர் அலறல். காயப்போட்ட படத்தை மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது? ஐயோ, என் தம்பிங்க!"

"பதறாதே. காலையிலேயே ஆளை எதிர்ப்பக்கம் மாத்திட்டேன். விழட்டும் இப்போ, ஜோரா விழட்டும்."

அவள் மார்பில் கையை வைத்து மூச்சு விட்டாள். பிறகு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"இவன் எந்தக் கையால ராவறான்?"

"கையால ராவறான், விடேன்."

"இடது கைங்க. என் தம்பி இடது கையால ஒரு ஸ்பூன்கூட பிடிக்க மாட்டான்."

படத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். அரம் இடது கையில். சட்டைப் பை வலது பக்கம். உலகத்தில் எந்தத் தையற்காரன் வலது பக்கம் பை வைக்கிறான்?

பிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். மங்கிய பக்கம் கீழே பார்க்க வைத்துத்தான் காகிதத்தில் படம் போட வேண்டும். புரட்டி வைத்தால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறிவிழும். நேற்று நான் புரட்டித்தான் வைத்திருக்கிறேன். எழுத்து ஒன்று இருந்திருந்தால் அது இடம் வலம் மாறி விழுந்து என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். நான்தான் எழுத்தே ஆகாது என்று சட்டம் போட்டவனாயிற்றே!

விழப்போவது இடது பக்கப் பால்கனி. அதற்குக் கீழே அவனைக் கொண்டுபோய் உட்காரவைத்தவன் நான்.

செருப்பு போட்டேனா இல்லையா தெரியாது. சந்து முனைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது மச்சான் குனிந்து ராவிக்கொண்டிருந்தான். வலது கையால். அவன் தலைமுடியில் சுண்ணாம்புப் பொடி உதிர்ந்திருந்தது. மேலே விளிம்பில் ஒரு புறா தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது.

"எழுந்திருடா!" என்று கத்தினேன்.

"வாங்க மாமா. நீங்க சொன்னது சரிதான், இந்தப் பக்கம் நல்ல வெளிச்சம்."

"எழுந்து வாடா இங்க!"

"இந்தச் சாவியில ஒரே ஒரு பல்லு பாக்கி. வெட்டிட்டு வரேன், பாட்டி ஒருத்தங்க வீட்டைப் பூட்டிக்கிட்டு வெளியில நிக்கறாங்க."

புறா பறந்தது. நான் பார்த்த கட்டம் அப்படியே, இடம் வலம் மாறி, கண்ணெதிரே கூடிக்கொண்டிருந்தது. தொண்டையில் குரல் இல்லை.

என் மனைவிக்கு இருந்தது.

"டேய், அப்பா வர்றாருடா!"

அவர்கள் அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிறது. ஆனால் அந்தச் சத்தம் மச்சானின் காலுக்குத்தான் போயிருக்க வேண்டும், காதுக்கு அல்ல. அரத்தைப் போட்டுவிட்டு, ஸ்டூலைத் தட்டிவிட்டு, சின்னப் பையன் மாதிரி பாய்ந்து ஓடிவந்து அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

பிறகுதான் அந்தச் சத்தம். சந்து முழுக்கப் புழுதி. அது அடங்கியபோது ஸ்டூல் இருந்த இடத்தில் கம்பியும் காரையும் கிடந்தன. எதிர்ப்பக்கப் பால்கனி ஒரு பொட்டு உதிராமல் கல் மாதிரி நின்றது.

மச்சான் இடிபாட்டையும் எதிர்ப்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "மாமா, நீங்க சொல்லலேன்னா... நான் அந்தப் பக்கம்தானே உக்காந்திருப்பேன்?"

"ஆமா."

"ஒண்ணும் ஆகியிருக்காதே?"

"ஒண்ணும் ஆகியிருக்காது."

அவன் தலையிலிருந்த சுண்ணாம்புப் பொடியைத் தட்டிவிட்டுக்கொண்டான். திட்டியிருந்தாலாவது எனக்கு மூச்சு வந்திருக்கும்.

மனைவி என் கழுத்தில் தொங்கிய கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில வாசல்ல வெச்சு என்னை ஒண்ணு எடுத்தீங்களே?"

"எடுத்தேன்."

"அதுல நான் என்ன பண்றேன்?"

"இன்னும் கழுவல."

அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். பின்மூடியைத் திறந்து, பிலிம் சுருளின் நுனியைப் பிடித்து, நடுச்சந்தில் நல்ல வெயிலில் வைத்து ஒரே இழுப்பாக உருவினாள். மச்சான் கொட்டிக்கிடந்த சாவிகளைப் பொறுக்கப் போகவில்லை.

எந்தச் சுவர்ப் பக்கமும் ஒதுங்காமல், ஆளுக்கு ஒரு திசையில் அண்ணாந்து பார்த்தபடி, மூன்று பேரும் தெருவின் நட்டநடுவில் நடந்து வீடு வந்து சேர்ந்தோம்.