வாய்க்கால் கரையில் பேசக் கூடாது

லாரி டிரைவருக்குத் தெரிந்ததெல்லாம் காக்கா, காக்கா இல்லாதது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனுஷன் வசந்தம் தொடங்கியதிலிருந்து ஒரு ஞாயிறு விடாமல் விடிகாலையில் எழுந்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வாய்க்கால் கரைக்கு ஓடினார் என்றால் அது பறவைக்காகவா? பைனாகுலரைத் தலைகீழாகப் பிடிக்கிறவனுக்குத் திடீரென்று என்ன பறவைப் பாசம் என்று அவர் அக்கா கேலி செய்துகொண்டேதான் டீ போட்டுக் கொடுப்பாள்.

விஷயம் கண்ணாடிக்கடைக்காரம்மாதான். படிக்கிற கண்ணாடி வாங்கப் போன இடத்தில், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் பறவை பார்க்க வாய்க்கால் கரையில் நடக்கப் போவோம், நீங்களும் வாங்களேன் என்று அந்தம்மா பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். இருவருமே துணையை இழந்து வருஷக்கணக்காகத் தனியாக இருப்பவர்கள். மனுஷன் விழுந்துவிட்டார்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. நடக்கும்போது மூச்சுவிடக் கூடாது. பறவையோ பட்டாம்பூச்சியோ கண்ணில் பட்டால் அடுத்த ஆளின் தோளைத் தட்டி விரலால் காட்ட வேண்டும். அவர் அதற்கடுத்தவரைத் தட்ட வேண்டும். பேச்செல்லாம் பாலத்துக்குப் போன பிறகுதான். அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். வரிசையில் கடைசியாக வரும் டிரைவர் எப்போது வாய் திறப்பது? அவருக்கு நேர் முன்னால் அந்தம்மா நடப்பதே பெரிய புண்ணியம்.

இன்று கடைசி நடை. கோடை வெயில் ஏறிவிட்டால் இனி அடுத்த வசந்தம்தான். அதற்குள் கடையை மூடிவிட்டு அண்ணன் ஊருக்கே போய்விடப் போவதாக அந்தம்மா சொன்னது காதில் விழுந்ததிலிருந்து டிரைவருக்குத் தூக்கம் போச்சு. இன்று கேட்டே ஆக வேண்டும்.

கரையெல்லாம் மஞ்சள் பூ. மீன்கொத்தி ஒன்று நீலமாகப் பாய்ந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை. பாலம் தெரிந்துவிட்டது. ஆனது ஆகட்டும் என்று அந்தம்மாவின் தோளைத் தட்டி, விரலைத் தன் நெஞ்சுக்கு நேரே காட்டினார்.

பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதே. திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தம்மாவின் கை முன்னால் போன தபால்காரரைத் தட்டிவிட்டது. தபால்காரர் டீச்சரைத் தட்ட, டீச்சர் தன் தங்கையைத் தட்ட, வரிசை மொத்தமும் திரும்பி, பைனாகுலரைத் தூக்கி டிரைவரைப் பார்த்தது. சட்டைமேல் ஒரு பட்டாம்பூச்சியாவது உட்கார்ந்திருந்தால் மானம் தப்பியிருக்கும். பாவம், ஒன்றும் இல்லை. விரலை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

தபால்காரருக்குத்தான் முதலில் புரிந்தது. மற்றவர்களைப் பாலத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

அந்தம்மா மட்டும் நின்றார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"நான் எப்பவோ பாத்துட்டேங்க. சத்தம் போட்டா பறந்துடுமோன்னுதான் பேசாம இருந்தேன்."

டிரைவர் அப்போதுதான் விரலை இறக்கினார். "அண்ணன் ஊருக்கு..." என்று இழுத்தார்.

"வரலன்னு இன்னிக்கே போன் போட்டுச் சொல்லிடறேன்."

இருவரும் சேர்ந்தே நடந்து வந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிற அந்தப் பாலத்தில் அன்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கலைத்துவிடக் கூடாதல்லவா.