கதைத்தலைவன் பெயர்

சிதம்பரம் கீழவீதியில், பாத்திரக்கடை மாடியில் நடந்த டுடோரியலில் தமிழ் எடுத்த சிந்துஜாவுக்கு வயது இருபத்து நான்கு. அவளிடம் பத்தாம் வகுப்புக்குப் படித்த ரத்தினம்மாளுக்கு முப்பத்தொன்பது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா வேலை. பத்து பாஸ் செய்தால் அமைப்பாளர் ஆகலாம். ஆனால் நாற்பது தாண்டினால் அந்த வாசல் மூடிவிடும். 2009 அக்டோபர் பரீட்சைதான் அவளுக்குக் கடைசி.

கணக்கில், அறிவியலில், இங்கிலீஷில்கூட அவள் கரையேறிவிட்டாள். தமிழில்தான் மூன்று முறை கவிழ்ந்தாள். முப்பத்தொன்று, முப்பத்து மூன்று, முப்பத்திரண்டு. வகுப்பில் அவள் வாய் திறந்து பதில் சொல்வதைக் கேட்டவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது சிந்துஜா எல்லாவற்றையும் முதலிலிருந்து திருப்பினாள். கதைமாந்தர், களம், திருப்பம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, கரு என்றால் என்ன என்று கேட்டாள். நோட்ஸைப் புரட்டினார்கள் எல்லோரும். ரத்தினம்மாள் மட்டும் நிமிர்ந்தாள்.

"கதையப் படிச்சி முடிச்சிட்டு, வீட்டுக்குப் போயி பாத்திரம் தேய்க்கிறப்பவும் மனசுல எது நிக்குதோ, அதுதான் டீச்சர்."

கல்லூரியில் ஐந்து வருடம் தமிழ் படித்த சிந்துஜாவுக்கு இப்படி ஒரு விளக்கம் தோன்றியதில்லை. இந்த அக்கா எப்படித்தான் பெயிலாகிறார் என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவதென்று ஒரு தேர்வு வைத்தாள். துணைப்பாடத்தில் வருகிற படகோட்டி கதை. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது, தன்னைத் தினமும் ஏசிய பண்ணையார் சிங்காரத்தைப் படகோட்டி கோவிந்தசாமி காப்பாற்றுகிற கதை. பெரிய கேள்வி பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.

ரத்தினம்மாளின் தாள் இப்படி இருந்தது: 'அவர் அவரைப் படகில் ஏறச் சொன்னார். அவர் மாட்டேன் என்றார். அவர் அவரை விடாமல் தூக்கி ஏற்றினார். அவர் அழுதார்.' கதைத்தலைவன் பெயர் என்ன என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு எதிரே வெற்றிடம்.

சிந்துஜாவுக்குப் பாசம் எவ்வளவு உண்டோ அவ்வளவு கோபமும் உண்டு. "யார் யாரை ஏத்துனாங்க? யார் அழுதாங்க? திருத்தறவங்க என்னக்கா ஜோசியமா பாப்பாங்க? பேரை எழுதறதுக்கு என்ன?"

ரத்தினம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்து பெஞ்சில் இருந்த பவானியால் அடக்க முடியவில்லை. செல்போன் கடையில் வேலை செய்துகொண்டே படிக்கிற பெண் அவள்; எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ள மாட்டாள். "டீச்சர், அது அவுங்க வீட்டுக்காரர் பேரு."

வகுப்பே சிரித்தது. சிந்துஜாவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் ரத்தினம்மாளின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"கதைதான், தெரியுது டீச்சர். புருசன் பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னு மாமியார் சொல்லி வச்சாங்க. இருபது வருசமா சொன்னதில்ல. அவுரு தினம் மீன் ஏத்திக்கிட்டு வண்டியில கடலூர் போயி வர்றவரு. ரோட்டுல போற ஆளு. அவுரு பேர விட்டுட்டு பண்ணையார் பேர மட்டும் எழுதவும் மனசு வரல. பேனாவ எடுத்தா கை வர மாட்டேங்குது."

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரு மணி நேரம் பேச சிந்துஜாவால் முடியும். ஆனால் பேசவில்லை. வகுப்பு முடிந்ததும் விறுவிறுவென்று படியிறங்கினாள். "டீச்சர், வேணாம்" என்று ரத்தினம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள். கீழே டிவிஎஸ் ஃபிஃப்டியில், மனைவிக்காக வாங்கிய சூடான வடைப் பொட்டலத்தோடு கோவிந்தசாமி காத்திருந்தார். சிந்துஜா எல்லாவற்றையும் நடுத்தெருவிலேயே கொட்டிவிட்டாள்.

அவர் வண்டியை ஸ்டாண்ட் போட்டார். "மூணு தடவையும் இதுக்குத்தானா? பாடம் புரியலன்னு இல்ல சொன்ன?"

ரத்தினம்மாள் பாத்திரக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதோ பாரு ரத்தினம். ஒவ்வொரு தடவையும் ரிசல்ட்டப் பாத்துட்டு அடுப்பங்கரையில ஒக்காந்து அழுவியே, அதக் கேட்டுத்தான் எனக்கு ஆயுசு கொறஞ்சுது. எம்பேருதான? நான் சொல்றேன், எழுது."

ரத்தினம்மாள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து ஒரு வடையை டீச்சரிடம் நீட்டினாள். சரியென்றாளா, மாட்டேன் என்றாளா என்று சிந்துஜாவுக்குத் தெரியவில்லை. அந்த வாரம் நடந்த இரண்டு தேர்வுகளிலும் 'அவர்'தான் வந்தார். பரீட்சையில் படகோட்டி கதையே வந்திருந்தது. அதைக் கேட்ட அன்று சிந்துஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நவம்பரில் ஒரு மத்தியானம் ரத்தினம்மாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். கையில் இனிப்பு டப்பா. "தமிழ்ல அறுபத்தெட்டு டீச்சர்."

சிந்துஜா அவளைக் கட்டிக்கொண்டாள். யார் டீச்சர், யார் மாணவி என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. "அப்போ பேரை எழுதிட்டீங்களா?"

"பதினோரு எடத்துல." ரத்தினம்மாளுக்கு வெட்கம் தாங்கவில்லை. "மொத தடவ பேனாவக் கீழ வச்சிட்டேன். அப்புறம் ஒரு யோசனை வந்துது. பேர எழுதி முடிச்ச ஒடனே, நூறு ஆயுசுன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். அதுக்கப்புறந்தான் அடுத்த வார்த்தை. அப்பிடித்தான் கடைசி மணி அடிக்கற வரைக்கும் எழுதிக்கிட்டே கெடந்தேன்."

"பதினோரு நூறு. ஆயிரத்து நூறு வருஷமாக்கா?"

"கணக்குலதான் நான் எப்பவோ பாஸாச்சே டீச்சர்."

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. ரத்தினம்மாள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஏங்க, இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தாள்.