கடைசியாகச் சொன்னது

முனவ்வறா கணவனின் தாடையை வெள்ளைத் துணியால் கட்டி உச்சியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கீர் உள்ளே வந்தார். மௌத்தானவரின் மூத்த சகோதரர். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார்மாரில் ஒருவர். 'இன்னாலில்லாஹி' என்று முணுமுணுத்தபடி வந்தவர் தம்பியின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு அவர் பார்வை அறையின் மூலைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. பழஞ்சேலைத் துண்டால் மூடிய ஆர்மோனியப் பெட்டி அங்கே இருந்தது.

"முதல்ல அத வெளியில எடுங்க," என்றார்.

முடிச்சு இறுகவில்லை. அவள் அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். சீனிமுகம்மதுவின் கழுத்தில் இன்னும் சூடு இருந்தது. மூச்சு அடங்கிக் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. சாய்ந்தமருதுப் பள்ளியில் விடியற்காலைச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்தவர்களின் பேச்சுச் சத்தம் ஒழுங்கையில் கேட்டுக்கொண்டிருந்தது.

"மச்சான், ஆக்களுக்கு அறிவிக்கச் சொல்லுங்க. காரைதீவுக்கும் ஆள் அனுப்போணும். தங்கராசாண்ணன் வரோணும்."

"அதெல்லாம் நான் பாக்கன். ஆலிம் வரப்போறார், யாசீன் ஓதோணும். மையத்துக் கிடக்கிற அறைக்குள்ள இது கிடக்கப்படா." அவர் குனிந்து பெட்டியின் பிடியில் கையை வைத்தார். "இருவது வருஷமா இந்த ஊர் என்னப் பாத்துச் சிரிச்சது. இண்டைக்கும் சிரிக்கோணுமா?"

"வைங்க மச்சான்."

"என்ன?"

"வைங்க. இது என்ட உம்மா எனக்குச் சீதனமாத் தந்த ஊடு. இதுக்குள்ள எது இரிக்கிற, எது போற எண்டு நான்தான் சொல்லுற."

குரல் உயரவில்லை. ஆனால் கலியாணம் முடித்த காலத்திலிருந்து இந்த மச்சானுக்கு முன்னால் அவள் இவ்வளவு நீளமாகக் கதைத்ததில்லை. கதவடியில் நின்ற அவளுடைய மூத்த சகோதரி சபூறா ராத்தா, ஒரு கணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரிய பாய் ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியை மறைத்துச் சாத்தி வைத்தாள். பக்கீர் நிமிர்ந்தார். கோபப்படுவார் என்றுதான் முனவ்வறா எதிர்பார்த்தாள். அவரோ கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சரி. அது கிடக்கட்டும். ஒண்டு மட்டும் செய் புள்ள." குரல் தாழ்ந்துவிட்டது. "கடைசி நேரம் நீதானே பக்கத்தில இருந்த. இந்தப் பாட்டு, கூத்து எல்லாத்தையும் உட்டு, அல்லாஹ்ட்ட மன்னிப்புக் கேட்டு தௌபாச் செஞ்சான் எண்டு ஆலிமிட்டச் சொல்லு. ஒரு சொல்லுப் போதும். மறுகா ஒருத்தரும் வாய் திறக்கேலா. பள்ளியில போன கிழமையே கதைச்சாங்க, பாட்டுக்காரன்ட ஜனாஸாத் தொழுகைக்கு நாங்க நிக்கிறதா எண்டு. எனக்குக் கேக்கத்தக்கதாத்தான் கதைச்சாங்க."

அவள் கணவனின் கண்ணிமைகளை விரலால் அழுத்தி விட்டாள்.

"இவன நான்தான் தோளில வெச்சு ஓதப்பள்ளிக்குத் தூக்கிக்கிட்டுப் போன," என்றார் பக்கீர். கண் சிவந்திருந்தது. "அவன ஒருத்தரும் தொழவைக்காம மண்ணுக்குள்ள வைக்க என்னால ஏலா."

அவர் எழுந்து போன பிறகும் முனவ்வறா அசையாமல் இருந்தாள். பொய் சொல்லச் சொல்கிறார் என்றால் இவ்வளவு பாரமாக இருந்திராது. அவர் கேட்ட சொல் அவளிடம் இருந்தது. அதுதான் நெஞ்சை அழுத்தியது.

மூன்று நாளைக்கு முன்பு, பொழுது ஏறிய நேரம், சீனிமுகம்மது பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். நெஞ்சுநோய் வருத்தத்தில் எலும்பும் தோலுமாகிப் போயிருந்த மனிசன். துருத்தியை அழுத்தக் கையில் பலம் இல்லை, அவள்தான் அழுத்தினாள். அவர் ஒரு புது மெட்டைப் பிடிக்கப் பார்த்தார். நாலைந்து கட்டை தாண்டியதும் இருமல் வந்துவிடும். மறுபடி தொடங்குவார். அதே இடத்தில் நிற்கும். ஏழெட்டுத் தரம் அப்படி நின்றபின் கையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"இந்தப் பெட்டிய நான் தொட்டிருக்கவேபடா முனவ்வறா," என்றார். "தறியில குந்தியிருந்தா ஒனக்கு ஒரு மனிசனாவது இருந்திருப்பான்."

அது தௌபாவா? ஆண்டவனுக்குப் பயந்து சொன்னதா, இல்லை அந்த மெட்டு வராத ஆத்திரத்தில் சொன்னதா? அதைச் சொன்னபோது அவர் முகம் சுவரைப் பார்த்திருந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுதான்.

*

மையத்தைக் குளிப்பாட்ட ஆண்கள் உள்ளே வந்ததும் அவளைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் இத்தாவில் இருத்தினார்கள். வெள்ளைச் சேலை உடுத்து, நாலு மாதமும் பத்து நாளும் இனி இந்த அறைதான். ஜன்னலில் பாய் தொங்கியது. ஜன்னலுக்கு அப்பால் பூவரச மரம். அதன் கீழே குந்த ஒரு மர வாங்கு. அங்கே வந்து குந்தியவர்கள் யாரென்று அவளுக்குக் குரலிலேயே தெரிந்தது. சீனிமுகம்மதுவின் பாட்டுச் செட்டுப் பாடகன் கலந்தர். காரைதீவிலிருந்து சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்த தங்கராசா. அவர்தான் செட்டில் டோலக் தட்டுகிறவர்.

தங்கராசா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு கலந்தர்தான் தொடங்கினான்.

"நான் தறிக்குப் போறன் அண்ணே. மருதமுனையில என்ட மாமா எப்பவோ கேட்டவர்."

"உள்ளுக்கு மையத்துக் கிடக்கு. இப்பயாடா இந்தக் கதை?"

"மறுகா எப்ப? பதினாறு வருஷம். காத்தான்குடியில இருந்து பொத்துவில் மட்டும் நடந்தம். கலியாணம், கத்னா, கந்தூரி. சபையில எனக்குப் பட்டுத் தலைப்பா கட்டின ஹாஜியார், அடுத்த மாசம் என்ட ராத்தாட மகளுக்கு மாப்பிள பேசப் போனா, 'பாட்டுக்காரன்ட குடும்பமா?' எண்டு கேக்கார். அதே வாயால."

"எங்கட ஆக்கள் மட்டும் என்ன? சோனகக் கலியாணத்தில தட்டிப்போட்டுச் சோறு தின்னுறான் எண்டு என்ட அண்ணன் ஒரு வருஷம் என்னோட கதைக்கல்ல. அதுக்காக நான் விட்டனா?"

"நீங்க விடமாட்டிங்க. சீனிமுகம்மது காக்காவும் விடல்ல. அதுதான் கேக்கன், என்ன கண்டம்?" கலந்தரின் குரல் உடைந்து ஏறியது. "நாடகக் கொம்பனி கூப்பிட்டாங்க. காக்கா வேணாமெண்டார். 'என்ட மெட்டு முதலாளிட பேரில போகப்படா' எண்டார். சரி, அது மானம். நானும் ஓமெண்டன். ஆனா கொழும்பில பாட்டுப் பிளேட்டுப் போடுறவங்க கடிதம் போட்டு வரச் சொன்னாங்களே? ஊர் முழுக்கப் பாத்துக்கிட்டு நிண்டது. போன மனிசன் மூணாம் நாள் ரயில் கோச்சியில திரும்பி வந்து, 'சரிவரல்ல' எண்டு ஒரு சொல்லு. அவ்வளவுதான். அண்டைக்கு அவர் கொஞ்சம் தலையக் குனிஞ்சிருந்தா என்ட குரல் இண்டைக்கு ஒரு பிளேட்டிலயாவது கிடந்திருக்கும். எனக்கு நாப்பது வயசாகப் போகுது அண்ணே. இந்தக் குரல் இன்னும் எவ்வளவு நாளைக்கு?"

முனவ்வறா பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். மையத்து வீட்டில் கதைக்கிற கதையா? ஆனால் அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

"அவங்களுக்கு ஒருத்தர்தான் தேவைப்பட்டது," என்றார் தங்கராசா மெதுவாக.

"என்ன?"

"பெட்டிக்காரன் மட்டும் போதுமாம். பாடுறதுக்கும் தட்டுறதுக்கும் அங்க ஆள் இரிக்காம். 'நாங்க மூணு பேர், பிரிச்சு எடுக்கேலா' எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்தான். உன்னிட்டச் சொல்லவேணாமெண்டு என்னிட்டச் சத்தியம் வாங்கினவன். இனி அந்தச் சத்தியம் ஆருக்கு?"

உள்ளே குளிப்பாட்டுகிறவர்கள் தண்ணீர் ஊற்றும் ஒலி மட்டும் சீராகக் கேட்டது.

"ஏன் சொல்லல்ல?" என்றான் கலந்தர்.

"சொல்லியிருந்தா உன்னால அவன நிம்மதியா ஏசேலாது."

கலந்தரின் அழுகை வெளியே வந்தது. துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுகிற அழுகை.

முனவ்வறாவிடம் சீனிமுகம்மது சொன்ன கதை வேறு. அந்த அலுவலகத்தில் இருந்த ஒரு பொடியன் இவருடைய பேச்சைக் கேட்டுச் சிரித்தான், முதலாவது பாட்டை வாசித்தார், இரண்டாவதில் கை நடுங்கிக் கட்டை தவறிவிட்டது, கடிதம் போடுகிறோம் என்றார்கள், போடவில்லை. 'இத ஒருத்தருக்கும் சொல்லிராத' என்று அவளிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். அவளுக்கு ஒன்று, தங்கராசாவுக்கு ஒன்று. இரண்டில் எது மெய் என்று இனிக் கேட்க ஆள் இல்லை. இரண்டுமே மெய்யாக இருக்கவும் கூடும்.

பூவரச மரத்தடியைப் பார்த்து அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

*

கபன் துணி சுற்றி முடிந்ததும் ஆலிம் வந்தார். முற்றம் நிறைந்துவிட்டது. ஆட்கள் வந்திருந்தார்கள், ஆனால் நெருங்கி நிற்காமல் வேலி ஓரமாக, எதற்கோ காத்திருப்பவர்கள்போல நின்றார்கள். சபூறா கதவிடுக்கால் பார்த்து வந்து சொன்னாள். "மையத்துத் தூக்குற சந்தூக்கு வந்து வாசலில கிடக்கு. ஒருத்தரும் தூக்குறாங்க இல்ல புள்ள."

அறை வாசலில் தொங்கிய திரைக்கு வெளியே செருமல் கேட்டது.

"முனவ்வறா புள்ள," என்றார் ஆலிம். "அல்லாஹ் உனக்குப் பொறுமையத் தரட்டும். ஒரு விசயம் கேக்கோணும். பக்கீர் மரைக்கார் உன்னிட்டக் கேக்கச் சொன்னார். நாலு பேருக்கு முன்னால கேக்கன், குறை நினைக்காத."

திரையின் கீழே இரண்டு சோடிக் கால்கள் தெரிந்தன. ஒன்று ஆலிமுடையது. மற்றது பக்கீருடையது, பெருவிரல் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது. அப்பால் முற்றத்துப் பேச்சுகள் ஒவ்வொன்றாக அடங்கின. பூவரச மரத்தடியிலும் சத்தம் நின்றுவிட்டதை அவள் கவனித்தாள். கலந்தரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

"கடைசி நேரம் கலிமாச் சொன்னாரா?"

"ஓம். ரெண்டு தரம். தெளிவாச் சொன்னார்."

"அல்ஹம்துலில்லாஹ். அதுக்கு முன்னப் பின்ன வேற ஏதும் சொன்னாரா புள்ள?"

அவள் வாயில் அந்தச் சொற்கள் அப்படியே இருந்தன. இந்தப் பெட்டிய நான் தொட்டிருக்கவேபடா. சொன்னால் சந்தூக்கு உடனே எழும்பும். மச்சான் நிமிர்ந்து நடப்பார். சொன்னது பொய்யுமில்லை. ஆனால் வெளியே மரத்தடியில் இரண்டு மனிசர்கள் பதினாறு வருஷத்தை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். அதோடு, அது சுவரைப் பார்த்துச் சொன்ன சொல். ஊருக்கென்று சொன்னதல்ல. ஆலிமுக்கென்றும் சொன்னதல்ல. அவள் இருக்கிறாள் என்று நம்பிச் சொன்னது.

பக்கீரின் பெருவிரல் அசையாமல் நின்றது.

"தண்ணி கேட்டார்," என்றாள் முனவ்வறா. "குடுத்தன். குடிச்சார். வேறொண்டும் சொல்லல்ல."

ஆலிம் மறுபடி கேட்பார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கலிமாவோட போன மனிசன்," என்றார் ஆலிம். முற்றத்துக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "அதுக்கு மேல அடியானிட்ட என்னத்தக் கேக்கிற? நான் தொழவைக்கிறன். தூக்குங்க, லுகருக்குப் பாங்கு சொல்லப்போறாங்க."

பக்கீரின் கால்கள் சற்று நேரம் திரைக்கடியிலேயே நின்றன. ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். பிறகு அவையும் போயின. சந்தூக்கைத் தூக்கியபோது முன்கால் ஒன்றைப் பக்கீர் பிடித்தாராம். மற்றதைப் பிடிக்க ஆளில்லாமல் நின்றபோது, முகத்தைத் திருப்பாமலே, "கலந்தர், இஞ்சால வந்து பிடி," என்றாராம். தங்கராசா பள்ளி மதில்வரை பின்னால் நடந்துபோய், தொழுது முடியும்வரை வெயிலில் நின்றாராம். எல்லாம் சபூறா சொல்லித்தான் முனவ்வறாவுக்குத் தெரியும்.

*

பின்னேரம் அசர் நேரம் வீடு வெறுமையாகிவிட்டது. மையவாடியிலிருந்து திரும்பிய இரண்டு பேரும் மறுபடி மரத்தடிக்கு வந்தார்கள். சபூறா கொடுத்தனுப்பிய தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. வேலிப் படலையடியில் யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம்.

"பெட்டிக்கார சீனிமுகம்மது காக்காட ஊடு இதுதானே?" புதுக் குரல். "நான் நற்பிட்டிமுனை. முத்தலிப். வாற வெள்ளிக்கிழமை என்ட மகளுக்குக் கலியாணம். காக்காட செட்டத்தான் கூப்பிடோணுமெண்டு பொண்டுகள் நிக்காங்க. அச்சாரத்துக்கு வெத்திலை கொண்டு வந்திரிக்கன்."

முனவ்வறா ஜன்னல் பாய்க்கு அருகே வந்தாள். தங்கராசா எழுந்து போய் வந்தவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். "யா அல்லாஹ்," என்றார் அந்த மனிசன். "தெரியாமப் போச்சே. மன்னிச்சிக்குங்க. நான் போறன்."

சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது.

"நில்லுங்க," என்றான் கலந்தர்.

அவன் அடுத்ததைச் சொல்ல நேரமெடுத்தான்.

"வெத்திலைய வெச்சிட்டுப் போங்க."

"எத்தின பேர் வருவிங்க தம்பி? சாப்பாட்டுக்குச் சொல்லோணும்."

"ரெண்டு பேர்."

சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு அந்த மனிசன் போனார். கொஞ்ச நேரத்தில் கிணற்றில் வாளி இறங்கியது. சபைக்குப் பாடப் போகுமுன் செய்வதுபோல, கலந்தர் தண்ணீரை வாயில் வைத்து, தலையை அண்ணாந்து, தொண்டையைக் கொப்பளித்துத் துப்பினான். பிறகு இன்னொரு வாய் எடுத்தான்.