சாமி வராத அறை

1

இந்தக் கதை மலேசியாவின் ஈப்போவில் ஓர் அரசாங்கக் கிளினிக்கின் பிளாஸ்டிக் நாற்காலியில் எனக்குக் கிடைத்தது. நான் அங்கே ஏன் உட்கார்ந்திருந்தேன் என்பது கதைக்கு வேண்டாம். கிடைத்ததும் கொஞ்சம்தான். பக்கத்தில் இருந்த ஐம்பது வயதுக்காரர் தம் மனைவியிடம் சொன்னது:

"மூணு தடவ வந்துட்டேன் லா. அந்தம்மா ஒன்னுமே சொல்ல மாட்டேங்குது."

அந்தம்மா, எதிரே இருந்த கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனநல ஆலோசகர். மற்றதில் பெரும்பகுதி நான் ஒட்டுப்போட்டது. அவருக்குக் கனகராஜ் என்றும் மனைவிக்கு மங்களம் என்றும் பெயர் வைத்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பால்மரக் காட்டின் பனியில் பிறந்த கனகராஜின் நெஞ்சில் ஆறாத ஒரு

நிறுத்திவிட்டேன். அவர் பிறந்த ரப்பர் தோட்டம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டமாகி இருபது வருடமாகிறது. அதற்காக அவர் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. இந்தப் பேராக் மாநிலத்தில் ஒரு தமிழனுக்கு மனசு சரியில்லை என்றால் உடனே ஒரு ரப்பர் மரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது என்னைப் போன்றவர்களின் சோம்பல்.

மறுபடியும்.

கனகராஜ் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். இரவு வேலை முடிந்தவர்களைக் காலையில் இறக்கிவிட்டு, வீட்டுக்குப் பக்கத்துத் திடலில் பஸ்ஸைப் பூட்டுவார். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலை, கடைசி இருக்கையில் தூங்கிப்போயிருந்த சுரேன் என்ற தொழிலாளியைக் கவனிக்காமல் பூட்டிவிட்டார். பதினோரு மணி வெயிலில் ஹார்ன் சத்தம் கேட்டு ஓடிப்போய்த் திறந்தார். சுரேன் தொப்பலாக நனைந்து, சிரித்துக்கொண்டே இறங்கினான்.

"என்னண்ணே, என்னைக் கருவாடு போட்டு ஹுத்தான் மெலிந்தாங் மீன் சந்தைல விக்கலாம்னு பாத்தீங்களா?"

மறுநாள் பஸ்ஸே சிரித்தது. இன்றும் யாராவது ஒருவர் இறங்கும்போது, "அண்ணே, நான் எறங்கிட்டேன் லா, எண்ணிக்குங்க!" என்பார். கனகராஜும் கூடச் சிரிப்பார்.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் சங்கடம். நடக்காத ஒன்றை யாரிடம் போய் எப்படிச் சொல்வது? ஆனால் பூட்டிய பஸ்ஸை அவர் திரும்பிப்போய்ப் பார்க்கிறார். சோற்றில் கை வைத்தபின் எழுந்துபோகிறார். நாற்பத்துநான்கு இருக்கைகள், ஒரு நாள் ஒன்பது தடவை. மங்களம் கேட்டால், டயர் பார்க்க. தூக்கம் போய், ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர்தான் இந்தக் கதவுக்கு எழுதிக்கொடுத்தார். கேள்விப்பட்ட கூட்டாளி ஒருவன், "என்ன மச்சான், தஞ்சோங் ரம்புத்தானா?" என்றான்.

(அங்கே பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. எங்கள் பக்கம் அந்த ஊர்ப்பெயரே ஒரு வசவு. அந்த ஊரில் மீனும் விற்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கும் போகிறார்கள் என்பது யாருக்கும் நினைவு வருவதில்லை.)

இந்த வெள்ளிக்கிழமை பஸ் சாவியை முதலாளி தவுக்கேயிடம் கொடுத்துவிட்டு, இருபத்தாறு வருட வேலையை முடித்துக்கொள்வதென்று அவர் தீர்மானித்திருக்கிறார். மங்களத்துக்குத் தெரியாது என்று நினைப்பு.

3

ஆலோசகருக்குச் சிவாஜினி என்று பெயர். இலங்கை வழிக் குடும்பத்துப் பெண், முப்பதைத் தாண்டியவர். மூன்று சந்திப்புகளும் ஒன்றுபோலவே வந்தன.

"அங்கிள், இந்தக் கிழமை முழுக்க நித்திரை எப்படி?"

"ஓகே லா."

"மனசில என்ன ஓடுது?"

"நீங்கதாம்மா பாத்துச் சொல்லணும்."

"நான் சொல்றதைவிட நீங்க சொல்றதுதான் முக்கியம். அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லுங்கோ."

சிவாஜினி காத்திருந்தார். கனகராஜும் காத்திருந்தார்.

(ஒரு சந்தேகம். பயிற்சி பெற்றவர் மூன்று சந்திப்பை இப்படிப் போக விடுவாரா? இதே வேலையில் இருக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டேன். "கேள்வியை மாத்தி மாத்திக் கேட்போம். ஆனா வாய நெம்ப மாட்டோம்" என்றார். ஆகவே விட்டுவைத்தேன்.)

கனகராஜ் பிடிவாதம் பிடிக்கவில்லை; மரியாதை காட்டினார். அவர் வளர்ந்த தோட்டத்து முனியாண்டி கோயிலில் சின்னையா பூசாரிக்குச் சாமி வந்தால், குறி கேட்க நிற்பவர் வாய் திறக்கக்கூடாது. குறையைச் சாமியே எடுத்துச் சொல்லவேண்டும். நாமே சொல்லிவிட்டால் பிறகு சாமி எதற்கு? சொன்னது சரியாக இருந்தால் நிற்பவர் உடைந்து அழுவார். பாதிப் பாரம் அங்கேயே இறங்கும். அந்த ஒழுங்கோடுதான் அவர் இந்த அறையிலும் கை கட்டி உட்கார்ந்திருந்தார்.

4

வெள்ளிக்கிழமை. நான்காம் முறை. பிளாஸ்டிக் நாற்காலிகள்.

"அந்தம்மா ஒன்னுமே சொல்ல மாட்டேங்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் எதுக்குச் சொல்லணும்? படிச்சவங்க, பாத்தா தெரியாதா?"

மங்களம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏங்க, குறி கேக்கவா வந்தீங்க? அந்தம்மாவுக்குச் சாமி வராது. கவர்மெண்ட் சம்பளந்தான் வரும்."

கனகராஜ் சிரிக்கவில்லை. "அப்ப நாந்தான் சொல்லணுமா?"

"பின்ன? டயரு பாக்கப் போறவரு சீட்டுக்கடியில குனிஞ்சு என்னத்தத் தேடுறீங்கன்னு நான் ஒரு நாளாச்சும் கேட்டேனா? கேக்கல. அந்தம்மா கேக்குறாங்க. போங்க. அந்தச் சாவிய இங்க குடுங்க, கையில வெச்சு நசுக்காம."

அவர் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. சொல்லிவிடுகிறார், அழுகிறார், மறுநாள் ஒரே தடவை பஸ்ஸைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடுகிறார். (பேச்சு என்ன பேதி மாத்திரையா, உடனே கேட்க?)

ஆ. மறுபடியும் "ஓகே லா." சாவி தவுக்கேயின் மேசையில். (சோகம் எழுதுவது எனக்கு எப்போதும் சுலபம். அதனாலேயே வேண்டாம்.)

இ. கனகராஜ் தொண்டையைச் செருமினார். "அம்மா, அன்னிக்கு நான் பின்னால போயி

இதையும் நிறுத்திவிட்டேன். கதையில் மூன்று முறை அவரோடு உள்ளே போய் உட்கார்ந்தவன்தான் நான். அப்போது அவர் பேசவில்லை, ஆகவே எனக்கும் உறுத்தவில்லை. இங்கே சொல்வது இந்த அறையைவிட்டுப் போகாது என்று சிவாஜினி முதல் நாளே அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த வாக்கிலிருந்து எனக்கு விலக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை. வெளியே வந்துவிட்டேன்.

வெளியே தெரிவது இவ்வளவுதான். ஒன்பது மணிக்குக் கதவு சாத்தினார்கள். ஓர் ஆளுக்கு முக்கால் மணி நேரம். பத்தாயிற்று. பத்தேகாலும் ஆயிற்று. தாதி எட்டிப்பார்த்து, அடுத்த ஆள் யார் என்று கேட்டார்.

நான்தான்.

"பரவால்ல," என்றேன். "உள்ள பேசிட்டிருக்காங்க."

மங்களம் என் பக்கம் திரும்பினார். சாவி அவர் மடியில் இருந்தது.

"வெளிய வந்ததும் இதத்தான் கேப்பாரு. பஸ்ஸு எடுக்கவா, தவுக்கேகிட்ட குடுக்கவான்னு தெரியல. நான் அவருகிட்ட சாவியக் குடுக்கவா, வேணாமா?"

எழுதுகிறவன் பதில் வைத்திருக்கவேண்டும். என்னிடம் இல்லை. அவருக்கு மறுபக்கத்து நாற்காலியில், இதை வாசிக்கிற நீங்கள் இருக்கிறீர்கள். இப்போது உங்களைத்தான் பார்க்கிறார்.