பச்சை விழுந்த பிறகு

அப்பாவைக் கூடத்தில் கிடத்திக் கால்களை நேராக்கிக்கொண்டிருந்தபோது, உள்ளறையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"எங்க இந்த ஓட்டம்? அடுப்புல பால் வச்சிட்டு வந்தியா?"

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த அம்மா, "இதோ, இறக்கிட்டேங்க" என்று எழுந்தேவிட்டாள். பக்கத்திலிருந்தவர்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மகள் உள்ளே ஓடினாள்.

தம்பி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கார் கேமராவின் பதிவைக் கைபேசியில் ஓடவிட்டிருந்தான்.

"சத்தத்தைக் குறைடா. அம்மாவுக்குக் கேக்குது."

"நின்ன வண்டியை எத்தனை பேரு தாண்டிப் போயிருக்கான்னு பாக்கணும்க்கா. ஒருத்தன் கண்ணாடியைத் தட்டியிருந்தா அப்பா பிழைச்சிருப்பாரு. அத்தனை நம்பரையும் ஊரறியப் போடுறேன். நாறட்டும்."

அப்பா டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவர். பழக வருகிறவர்களுக்கு அவர் 'பிரேக் சார்'. ஸ்கூல் கார்களில் எதில் ஏறினாலும் தன் கேமராவை முன் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வார். குறுக்கே புகுந்தவன், சிக்னலை மீறியவன் என்று ஒருவரையும் விடாமல் வைது, அந்தப் பதிவை வகுப்பில் போட்டுக் காட்டுவார். இன்று காலை அவர் தனியாகத்தான் கிளம்பியிருந்தார்.

அவளும் இன்று காலை வேலைக்குப் போகையில் தண்ணீர்த்தொட்டி முனை சிக்னலில் ஒரு வெள்ளைக் காரைப் பார்த்தாள். எல் போர்டு. பச்சை விழுந்தும் நகரவில்லை. யாரோ கற்றுக்குட்டி வண்டியை அணைத்துவிட்டான் என்று நினைத்து ஹாரனை அழுத்திவிட்டு, ஸ்கூட்டரை ஒடித்துத் தாண்டிப் போனாள். அப்பாவுக்கு எந்தச் சிக்னலில் உயிர் போனது என்று இதுவரை அவள் யாரையும் கேட்கவில்லை. ஸ்கூலில் வெள்ளைக் கார்கள் நிறைய.

தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரையில் கடைவீதி போயிற்று. பாலம் வந்தது. அதைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் தண்ணீர்த்தொட்டி முனைக்குப் போக வேண்டியதில்லை. திரும்புப்பா என்று மனதுக்குள் சொன்னாள். முந்திப்போன பஸ்ஸைப் பார்த்து அப்பா, "போ ராசா, எமனுக்கு நீதான் பைலட்டு" என்றார். கார் நேரே போனது.

சிவப்பில் நின்றது. ஒரு இருமல். பிறகு பேச்சில்லை.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் பிதுங்கிக்கொண்டு போயின. தம்பி எண்களைச் சொல்லிச் சொல்லி எழுதினான். அப்புறம் நீளமாக ஒரு ஹாரன். அவள் இடது கட்டைவிரல் தானாக மடங்கியது.

ஸ்கூட்டர் ஒன்று குறுக்கே ஒடித்து முன்னால் வந்தது. ஓட்டியவள் திரும்பாமலே கையை உதறிவிட்டுப் போனாள்.

தம்பி அந்த எண்ணையும் வாய்விட்டுப் படித்தான். பாதியில் நின்றான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கைபேசிக்குள் ஒரு மூச்சு இழுபட்டது.

"மெதுவா போம்மா."

ஸ்கூட்டர் சிறுத்து மறைந்தது. இருவரில் யாரும் பதிவை நிறுத்தவில்லை. பின்னால் ஹாரன்கள் விடாமல் கத்தின. மஞ்சள் வந்தது, பிறகு சிவப்பு. ஹாரன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.