என் தலையில் விழுந்த பட்டறிவு

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லுக்குப் பொருள் எழுத வேண்டுமென்றால் அதைப் பட்டவர்தான் எழுத வேண்டும். பல்வலியை எழுதியவர் கன்னம் வீங்கி வந்த தட்டச்சர். வழுக்கை, விவாதமே இல்லாமல் என் மேசைக்கு வந்தது.

‘ப’ வரிசை தொடங்கியதும் நான் ‘பிள்ளை’க்குக் கை தூக்கினேன். நாங்கள் தத்தெடுத்த மகள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நாலு வயது. என் மனைவியிடம் ஒட்டிக்கொண்டாள். என்னைக் கண்டால் மட்டும் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள்.

“உங்ககிட்ட பேசிட்டாளா?” என்று கேட்டார் பதிப்பாசிரியர் அம்மா.

“இன்னும் இல்ல மேடம்.”

“அப்போ அது மூணுபிள்ளைக்காரருக்கு. நீங்க பட்டறிவை எடுத்துக்குங்க. எதையும் பட்டாத்தானே உங்களுக்குப் புரியும்?”

பக்கத்து மேசை மூணுபிள்ளைக்காரர் ‘பிள்ளை’ என்று எழுதிய அட்டையை வாங்கிக்கொண்டு, “வேணும்னா மூணையும் உங்க வீட்டுக்கு அனுப்புறேன். ஒரே நாள்ல பொருள் விளங்கிடும்” என்றார்.

‘கேட்டோ படித்தோ அல்லாமல், ஒருவர் தாமே நேரில் பெற்ற அறிவு’ என்று பட்டறிவுக்குப் பொருள் எழுதிவிட்டேன். எடுத்துக்காட்டு வாக்கியம்தான் மக்கர் செய்தது. குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் ஓர் அடுக்கு படித்திருந்தேன். அவற்றில் சொன்னபடி வீட்டில் முட்டி போட்டுச் சிரித்துப் பார்த்தேன். அவள் இன்னும் பெரிய கதவாகத் தேடிப் போனாள்.

ஞாயிறு மதியம் நான் சோபாவில் சாய்ந்திருந்தபோது அவளாகவே வந்து, என் வலக்கையைத் தலையணையாக்கிப் படுத்துக்கொண்டாள். கை மரத்தது. மெதுவாக இழுத்தேன்.

“ஆட்டாத” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

மனைவி எட்டிப் பார்த்தாள். “கை வலிக்குதாங்க?”

“எந்தக் கை?” என்றேன் ரகசியமாக.

மறுநாள் என் வாக்கியத்தைப் பதிப்பாசிரியர் அம்மா உரக்க வாசித்தார்: “‘மரத்துப்போன கையை ஆட்டக் கூடாது என்பது அவனுடைய பட்டறிவு.’ என்னங்க இது? படிக்கிறவனுக்கு என்ன புரியும்?”

சிவப்புக் கோடு விழுந்தது. பிறகு பேனாவை மூடிவிட்டு, “பேசிட்டாளா?” என்றார்.

“ஒரே வார்த்தை மேடம். அதுவும் அதட்டல்.”

அவர் மூணுபிள்ளைக்காரர் பக்கம் திரும்பினார். “அந்தப் பிள்ளைய இங்க குடுங்க.”

“தாராளமா. நான் ஒரு வரிகூட எழுதல. அதுங்க எழுத விட்டாத்தானே?” என்று அவர் அட்டையை நீட்டினார்.

தோள் இன்னும் பிடித்திருந்ததால் இடக்கையால் வாங்கிக்கொண்டேன்.